துக்கடா இடத்தில் ஒரு பெண்

எட்டு கிரேடுகளையும் முடித்துவிட்டுப் பியானோ டிப்ளமோவுக்குப் போகிற பெண்ணிடம், "இனி உன் நிகழ்ச்சியை நீயே அமைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அதுவரை அவளுக்கு அந்தச் சலுகை இருந்ததில்லை. கிரேடு தேர்வுகளில் சின்னப் பட்டியல். அதிலிருந்து மூன்று உருப்படிகள். கூடவே ஸ்கேல்களும் பிறவும். டிப்ளமோ அப்படியல்ல. அது ஒரு சிறு கச்சேரி. தேர்வாளர் முன்னாலோ ஒளிப்பதிவுக் கருவியின் முன்னாலோ உட்கார்ந்து அரை மணி நேரமும் அதற்கு மேலும் வாசிக்க வேண்டும். ஏபிஆர்எஸ்எம் நடத்தும் ஏஆர்எஸ்எம் டிப்ளமோவுக்கு 30 நிமிடம். அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்களுடைய பட்டியலிலிருந்து வர வேண்டும், மீதி வாசிப்பவரின் சொந்தத் தேர்வு. டிரினிட்டி காலேஜ் லண்டனின் ஏடிசிஎல் என்றால் 32 முதல் 38 நிமிடம். பட்டியலுக்கு வெளியே போக விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். எதை எடுக்கலாம், எந்த வரிசையில் வைக்கலாம் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

நான் பியானோ கலைஞர் அல்ல. தமிழ்த்துறைக்காரி. ஆனால் பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து பழகியவள் என்பதால் பட்டியல் என்ற பனுவலை வாசிக்கத் தெரியும். கவிதைத் தாளுக்கு யார் வேண்டும், யாருக்கு எத்தனை பக்கம், யாரை 'தன்வாசிப்பு' என்ற இருட்டறையில் தள்ளலாம் என்று நாங்கள் பேசுவதும் பியானோப் பட்டியல் போடுபவர்கள் பேசுவதும் ஏறக்குறைய ஒரே பேச்சு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பட்டியலில் பெண்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி 2015இல் இங்கிலாந்தில் வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. ஜெஸ்ஸி மெக்கேப் என்ற 17 வயது மாணவி, எடெக்ஸல் நிறுவனத்தின் ஏ லெவல் இசைப் பாடத்திட்டத்தை எடுத்து எண்ணிப் பார்த்தாள். 63 படைப்புகள். ஒன்றுகூடப் பெண் எழுதியதில்லை. கேட்டதற்கு முதலில் வந்த பதில், மேற்கத்தியச் செவ்வியல் மரபில் பெண்கள் முக்கிய இடத்தில் இல்லாததால் சேர்ப்பதற்கு மிகக் குறைவானவர்களே இருப்பார்கள் என்ற பொருளில் இருந்தது. அவள் கையெழுத்து இயக்கம் தொடங்கினாள். நிறுவனம் பட்டியலை மாற்றியது. அதற்குப் பிறகான ஆண்டுகளில் பல தேர்வு அமைப்புகளின் பட்டியல்களில் பெண்களின் பெயர்கள் கூடியிருக்கின்றன. நல்லது. ஆனால் எண்ணிக்கை கூடியதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: அந்தப் பெயர்கள் நிகழ்ச்சியில் எங்கே உட்காருகின்றன?

நம் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வர்ணம், சில கீர்த்தனைகள், பிறகு ராகமும் நிரவலும் தனி ஆவர்த்தனமுமாக விரியும் பிரதான உருப்படி, கடைசியில் துக்கடா. பியானோ நிகழ்ச்சிக்கும் இப்படி ஓர் எழுதாத வரிசை உண்டு. முதலில் பாக் அல்லது ஸ்கார்லாட்டி. நடுவில் எடை கூடிய பெரிய படைப்பு. பெரும்பாலும் மூன்று நான்கு பகுதிகள் கொண்ட சொனாட்டா, பீத்தோவனோ ஷூபர்ட்டோ எழுதியது. கடைசியில் கைதட்டலுக்காக ஒன்று. இந்த வரிசையில் பெண் எழுதிய உருப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு நினைக்கிறவர்கள் எங்கே சேர்க்கிறார்கள்? செசில் ஷாமினாடின் நான்கு நிமிடத்தை. கிளாரா ஷூமானின் சிறிய ரொமான்ஸ் ஒன்றை. ஏஆர்எஸ்எம்மின் அந்தச் சொந்தத் தேர்வுப் பத்து நிமிடம் இதற்கு மிக வசதி. பீத்தோவன் இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. பெண்ணும் உள்ளே வந்துவிட்டாள். துக்கடா இடத்தில்.

"பெண்கள் எழுதியதெல்லாம் சின்னச் சின்ன உருப்படிகள்தானே" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பாதி உண்மை என்பதால் இதை நின்று பார்க்க வேண்டும்.

ஷாமினாட் எழுதிய சிறிய உருப்படிகள் ஏராளம். வீட்டுப் பியானோக்களில் அவை பரவலாக வாசிக்கப்பட்டன, நன்றாக விற்றன. அமெரிக்காவில் அவர் பெயரில் பெண்கள் மன்றங்களே தொடங்கப்பட்டன. 1913இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் தோனர் விருது கொடுத்தது. ஆனால் இளமையில் அவரைப் பாரிஸ் கன்சர்வடோரில் சேர்க்க அப்பா சம்மதிக்கவில்லை, தனியாகத்தான் படித்தார். அமெரிக்காவின் ஏமி பீச் 1885இல் தன் 18ஆவது வயதில் மணமான பிறகு, கணவரின் விருப்பப்படி மேடை வாசிப்பை ஆண்டுக்கு ஓரிரு நிகழ்ச்சிகளாகக் குறைத்துக்கொண்டார். இசையமைப்பை ஆசிரியர் இல்லாமல் புத்தகங்களிலிருந்தே கற்றுக்கொண்டார். தன் படைப்புகளில் கணவரின் பெயரையே, முன்னால் 'திருமதி' சேர்த்துப் போட்டுக்கொண்டார். வகுப்பில் இடமில்லை, ஆர்கெஸ்ட்ரா கைக்கு எட்டாது, அச்சகத்தார் கேட்பது வரவேற்பறையில் வாசிக்க ஏற்ற மூன்று பக்கம். இந்த நிலைமையில் எழுதப்பட்டதைப் பிறகு 'வரவேற்பறை இசை' என்று சொல்லிக் கீழே வைப்பது, சமையலறையில் பூட்டி வைத்துவிட்டு "இவளுக்குச் சமையலைத் தவிர என்ன தெரியும்" என்று கேட்பதைப் போன்றது.

மறுபாதி இன்னும் மோசம். அவர்கள் பெரிய படைப்புகளும் எழுதினார்கள். எழுதியது மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஃபன்னி மெண்டல்சோன் ஹென்ஸலை எடுத்துக்கொள்வோம். ஃபெலிக்ஸின் அக்கா. இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று 1820இல் அப்பா அவருக்கு எழுதினார். அவருடைய பாடல்களில் ஆறு, தம்பி வெளியிட்ட தொகுப்புகளில் தம்பியின் பெயரிலேயே வந்தன. 1842இல் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்தது என்று சொல்லிப் பாடிய பாடல் அக்காவினுடையது என்பதை ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1846இல்தான் ஃபன்னி தன் பெயரில் ஓபஸ் 1 என்று எண்ணிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனார், வயது 41.

1828இல் அவர் எழுதிய ஈஸ்டர் சொனாட்டாவின் கைப்பிரதி நெடுங்காலம் காணாமல்போய், 1970இல் பிரான்சில் கிடைத்தது. அதில் இருந்த பெயர்: எஃப். மெண்டல்சோன். அந்த 'எஃப்' யார் என்று கேட்கும் தேவையே எழவில்லை. 1972இல் ஃபெலிக்ஸின் படைப்பாக இசைத்தட்டும் வந்துவிட்டது. ஏஞ்சலா மேஸ் என்ற ஆய்வாளர் 2010இல் கைப்பிரதியை நேரில் பார்த்து, அது ஃபன்னியின் கை என்று நிறுவினார். 2017 மார்ச் 8 அன்று லண்டனில் சோஃபியா குல்யாக் அதை ஃபன்னியின் பெயரில் வாசித்தார். எழுதி 189 ஆண்டுகள் கழித்து.

இது துக்கடா அல்ல. நான்கு பகுதிகள், இருபது நிமிடத்துக்கு மேல். இரண்டாம் பகுதிக்குள் ஒரு ஃபியூக் இருக்கிறது. கடைசிப் பகுதி, சிலுவை மரணத்தின்போது பூமி அதிர்ந்ததைப் பியானோவின் அடித்தளத்தில் உருட்டி எழுப்பி, பழைய லுத்தரன் கோரல் ஒன்றில் வந்து அடங்குகிறது. எழுதும்போது அவருக்கு 22 வயது. சில இடங்களில் பீத்தோவனின் நிழல் தெரிகிறது, தெரியட்டும். அந்தத் தலைமுறையில் யாரிடம்தான் தெரியவில்லை?

அச்சில் வராததற்கு இன்னொரு விலையும் உண்டு. அதை மாணவிதான் கொடுக்கிறாள். பீத்தோவனின் சொனாட்டா வேண்டுமென்றால் இணைய நூலகத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சாகி, உரிமைக்காலம் முடிந்த பதிப்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஃபன்னி 1841இல் எழுதிய, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உருப்படிகளும் ஒரு முடிவுரையும் கொண்ட 'ஆண்டு' அச்சேறியது 1989இல். கிளாரா ஷூமானின் ஜி மைனர் சொனாட்டா 1841-42இல் எழுதியது, அச்சேறியது 1991இல். இவற்றின் நல்ல பதிப்பு வேண்டுமென்றால் ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க வேண்டும்; விலையோடு தபால் செலவும் சேரும். ஆண் மரபு இலவசம், பெண் மரபுக்குக் காசு. தேர்வுக் கட்டணத்துக்கே வீட்டில் பேச்சு வாங்கும் பெண் எதை எடுப்பாள்?

கிளாராவைப் பற்றிப் பேசும்போது வசதியாகத் தாண்டிப்போகும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று நாம் அறிந்த ரெசிட்டல் என்ற வடிவத்தை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். 1837இல் பெர்லினில் பீத்தோவனின் அப்பாஸியோனாட்டாவை இசைத்தாள் இல்லாமல் வாசித்தபோது, ஒரு பெண்ணுக்கு இத்தனை பகட்டா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவரும் லிஸ்ட்டும் தொடங்கிவைத்த பழக்கம்தான் இன்று எல்லோருக்கும் மரபு. ஆனால் அந்த மேடையில் அவர் யாரை வைத்தார்? பாக், பீத்தோவன், ஷோப்பன், கணவர் ராபர்ட். 16 வயதில் தன் கான்சர்ட்டோவைத் தானே அரங்கேற்றியவர், பெண்ணாகப் பிறந்தவள் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று நாட்குறிப்பில் எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1856இல் ராபர்ட் இறந்த பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, ஊர் ஊராக வாசித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். புதிதாக எழுதியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாம் எதிர்க்கும் பட்டியலை எழுதிய கைகளில் ஒன்று பெண்ணின் கை. அவர் மீது எனக்குக் கோபமில்லை. 'பெண்ணே பெண்ணுக்கு எதிரி' என்ற மலிவான முடிவுக்கும் இது உதவாது. மேடையில் நிலைக்க வேண்டுமென்றால் யாரை வாசிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மாணவிக்கும் அது தெரிகிறது, அவ்வளவுதான்.

கை என்றவுடன் இன்னொன்று. பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லோராலும் வாசிக்க முடியும் என்பது போலத்தான் பட்டியல்கள் எழுதப்படுகின்றன. பியானோவில் ஓர் ஆக்டேவின் அகலம் ஏறக்குறைய 16.5 செ.மீ. பழைய கருவிகளில் இது சற்றே குறைவாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் இந்த அளவு நிலைபெற்றது. பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, நம் கணக்கில் ஒரு சாண். யாருடைய சாண் என்பதுதான் கேள்வி. ரோண்டா பாயிலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 473 பியானோ கலைஞர்களின் கைகளை அளந்தார்கள். அவர்களில் உலகப் புகழ் பெற்றவர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டு பேரின் சாணும் 8.8 அங்குலம், அதாவது 22 செ.மீ.க்கு மேல். பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு வராது. ராக்மனினாவின் கை அசாதாரணமாகப் பெரியது. அந்தக் கைக்கு எழுதியதை 19 செ.மீ. சாண் உள்ள பெண் வாசித்து மணிக்கட்டு வலியோடு எழுந்தால் 'நுட்பம் போதவில்லை' என்பார்கள். அலிசியா டி லரோச்சா ஐந்தடிக்கும் குறைவான உயரத்தோடு, சிறிய கைகளோடு ராக்மனினாவின் மூன்றாவது கான்சர்ட்டோவை வாசித்தாரே என்று உடனே ஒரு மேதையைக் காட்டுவார்கள். ஒரு மேதையால் முடிந்தது எல்லோருக்கும் விதியாக முடியுமா? ஸ்டைன்வே நிறுவனம் ஜோசப் ஹாஃப்மன் என்ற ஆண் மேதைக்காகக் குறுகிய கட்டைகள் கொண்ட பியானோவையே செய்து கொடுத்தது. 5.5 அங்குல, 6 அங்குல ஆக்டேவ் கொண்ட விசைப்பலகைகளும் இப்போது செய்யப்படுகின்றன. நம் ஊர்த் தேர்வு அறைக்குள் அவை வரும் நாள் அருகில் இல்லை. அதுவரை உருப்படியைத் தேர்ந்தெடுக்கும்போது கையை அளந்து பார்ப்பது கோழைத்தனம் அல்ல.

பட்டியலால் எல்லாம் முடியாது என்பவர்களுக்கு நான் லூயிஸ் ஃபராங்கைக் காட்டுவேன். 1842 முதல் 1873 வரை பாரிஸ் கன்சர்வடோரில் பியானோ பேராசிரியர். பெண்கள் வகுப்புக்கு மட்டும்தான். சம்பளமும் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவு. 1850இல் அவருடைய நோனெட் பெரும் வெற்றி பெற்ற பிறகே சமச் சம்பளம் கேட்டு வாங்கினார். அவருடைய ஓபஸ் 26, எல்லா மேஜர் மைனர் சுரத்தானங்களிலும் அமைந்த 30 எட்யூட்கள். 1845இல் கன்சர்வடோர் அவற்றைப் பியானோ வகுப்புகள் அனைத்துக்கும் பாடமாக வைத்தது. ஆண்கள் வகுப்புக்கும் சேர்த்துத்தான். அதாவது 180 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணின் படைப்பு, இனிமைக்காகவோ பெருந்தன்மைக்காகவோ அல்லாமல், விரலுக்கும் மூளைக்கும் வேலை கொடுக்கிறது என்ற காரணத்துக்காகப் பாடத்திட்டத்தில் இருந்தது. பிறகு இல்லாமல் போனது. 'சேர்ப்பதற்கு யாருமில்லை' என்று 2015இல் சொன்னவர்கள், இருந்தவரை எடுத்தது எப்போது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

தேர்வுக்கு வாசிக்கிறவர்கள் எழுதும் நிகழ்ச்சிக் குறிப்புகள் தனியாக ஆராய வேண்டியவை. டிரினிட்டியில் இந்தக் குறிப்புக்கும் மதிப்பெண்ணில் பங்குண்டு. என் மாணவிகள் வழியாக நான் பார்த்த சிலவற்றில் பீத்தோவனுக்கு 'கட்டுமானம்', 'போராட்டம்', 'துணிவு'. கிளாராவுக்கு 'மென்மை', 'அந்தரங்கம்', 'நளினம்'. தமிழில் பெண் கவிஞர்களின் தொகுப்புகளுக்கு ஆண்கள் எழுதிய முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவையே. கிளாரா யாருடைய மனைவி என்பது முதல் வரியில் இருக்கும். ராபர்ட் யாருடைய கணவர் என்பது எங்கும் இருக்காது.

இங்கே ஓர் உண்மையான சிக்கலைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் ஊரில் டிப்ளமோ வெறும் அலங்காரம் இல்லை. பெயருக்குப் பின்னால் ஏடிசிஎல் என்று போட்டுக்கொண்டால் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு எடுக்கலாம், பள்ளியில் வேலை கேட்கலாம். திருமணமாகிப் போகும் ஊரிலும் தன் சம்பாத்தியத்தைக் கூடவே கொண்டுபோகலாம். எனக்குத் தெரிந்த பியானோ ஆசிரியர்களில் பெரும்பாலோர் இப்படி வாழும் பெண்கள்தான். ஒரே தேர்வில் இத்தனை இருக்கும்போது "பெண்ணியத்துக்காக நீ மதிப்பெண்ணைப் பணயம் வை" என்று இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர்களிடம் சொல்வேன். தரமும் நீளமும் பொருந்திய சொனாட்டாவை வாசித்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை அறிந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஃபுளோரன்ஸ் பிரைஸின் ஈ மைனர் சொனாட்டா 1932இல் வானமேக்கர் போட்டியில் பரிசு பெற்றது. ஷாமினாடுக்கும் சி மைனரில் ஒரு முழு சொனாட்டா உண்டு. இவற்றைத் தாங்கள் ஒருமுறையாவது வாசித்துப் பார்த்திருக்கிறார்களா?

எல்லாமே நல்ல படைப்புகள் என்று நான் சொல்லவில்லை. ஷாமினாட் எழுதியவற்றில் பாதியை மறுபடி கேட்க எனக்குப் பொறுமை இருக்காது. மெண்டல்சோன் தம்பியின் பாதிக்கும் அதே கதிதான். அவரை யாரும் அதற்காகப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வதில்லை.

என்னிடம் எம்.ஏ. படிக்கும் மாணவி ஒருத்தி இந்த ஆண்டு ஏடிசிஎல்லுக்குத் தயாராகிறாள். சின்ன வயதிலிருந்து தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவள். 19 செ.மீ. என்று மேலே சொன்னது அவள் சாண்தான். என் மேசையில் ஸ்கேல் வைத்து அளந்தோம். அவள் முதலில் கொண்டுவந்த நிரலில் ஸ்கார்லாட்டி, பீத்தோவன், பிராம்ஸ், கடைசியில் ஷாமினாடின் நான்கு நிமிடம். ஈஸ்டர் சொனாட்டாவைக் கேட்ட பிறகு இரண்டு வாரம் ஒன்றும் பேசவில்லை. புனித வெள்ளி ஆராதனைக்குப் பல ஆண்டுகள் வாசித்தவளுக்கு அந்தக் கடைசிப் பகுதி என்ன செய்திருக்கும் என்று நான் ஊகிக்கத்தான் முடியும். பிறகு புதிய நிரலோடு வந்தாள். ஸ்கார்லாட்டியின் இரண்டு சிறு சொனாட்டாக்கள். நடுவில் முழுதாக ஃபன்னி. கடைசியில் பிராம்ஸ், ஓபஸ் 118இன் இரண்டாவது இன்டர்மெட்சோ, ஆறு நிமிடம். பிராம்ஸ் அந்தத் தொகுப்பைக் கிளாராவுக்குத்தான் காணிக்கையாக்கினார் என்பதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கச் சொன்னேன். ஃபன்னி பற்றிய குறிப்பில் தம்பியின் பெயர் மூன்றாவது பத்தியில்தான் வருகிறது.

அவளுடைய பியானோ ஆசிரியருக்கு ஒரே ஒரு தடை. ஃபன்னியின் சொனாட்டாவும் ஏ மேஜர், பிராம்ஸின் இன்டர்மெட்சோவும் ஏ மேஜர். அடுத்தடுத்து ஒரே சுரத்தானத்தில் இரண்டு வேண்டாம், காது சலித்துவிடும் என்கிறார். நியாயமான தடைதான். ஸ்கார்லாட்டியில் ஒன்றை நடுவில் கொண்டுவரலாமா, இல்லை பிராம்ஸையே மாற்றிவிடலாமா என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.